கப்டனை நேரில் பார்க்க வேண்டும்

கப்டன் மொராவுக்கு வயது அறுபத்தேழு. நாற்பது வருடம் கப்பலோட்டிவிட்டு, இடது முழங்கால் ஒத்துழைக்காததால் கரையேறியவர். வெள்ளைத் தாடி, சாயம் போன நீல மேலங்கி, வாயில் பைப். எந்த நாட்டுக்காரர் என்று இதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டால், பைப்பை எடுத்துக் கடலைக் காட்டுவது என்று நான் தீர்மானித்து வைத்திருந்தேன்.

ஏனென்றால் கப்டன் மொரா நான்தான்.

என் பெயர் பிறிஜெற். வயது இருபது. அப்பாவும் அம்மாவும் மன்னாரில் இருந்தார்கள். நான் கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் மாமா வீட்டு மேல்மாடியில் இருந்துகொண்டு, வெள்ளவத்தையில் ஒரு கணக்கியல் வகுப்புக்குப் போய்வந்தேன். வரவும் செலவும் ஏன் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நான் வாசித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் எந்த மனிதனுக்கும் அப்படி வந்ததில்லை. அந்த நாவல்களில் பனி பெய்யும், ரயில் தாமதமாகும், தாடி வைத்த ஒரு கிழவர் அடுப்பருகே உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குவார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். கொட்டாஞ்சேனையில் பனியும் இல்லை, நான் பேசினால் யாரும் வாயை மூடுவதும் இல்லை.

ஆகவே ‘லூமாரா’வில் சேர்ந்தபோது நான் என்ன உருவம் எடுத்தேன் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

லூமாரா கணினிக்குள் இருக்கும் ஓர் உலகம். நமக்குப் பிடித்த உடம்பைச் செய்து மாட்டிக்கொண்டு அங்கே நடக்கலாம், பறக்கலாம், மற்றவர்களோடு ஆங்கிலத்தில் எழுதிக் கதைக்கலாம். அங்கே மலை உண்டு, கடல் உண்டு, கடை உண்டு. ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் செக்பொயின்ற் மட்டும் இல்லை. இந்த ஒன்றுக்காகவே நான் அதை மன்னித்து ஏற்றுக்கொண்டேன், மரங்கள் பிளாஸ்டிக் போல இருந்தாலும்.

வெளியே என்னைப் பற்றிய உண்மையெல்லாம் ஓர் அட்டையில் இருந்தது. அப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்த ஊரில் நான் பிறந்தேன்; அந்த ஊர் கிளிநொச்சி. யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தால், மற்றவர்கள் பஸ்ஸில் திரும்பி ஏறிய பிறகும் நீங்கள் றோட்டில் நின்றுகொண்டிருப்பீர்கள். நான் அங்கே இருந்தது ஒன்றரை வயது வரைதான். கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒருவருமில்லை. ஆனால் கிளிநொச்சிக்கு என்னை நன்றாகத் தெரியும் என்றே ஆமிக்காரர்கள் எல்லோரும் நினைத்தார்கள்.

லூமாராவில் ஒரு தீவு. அதில் ஒரு நூலகம். சனிக்கிழமைகளில் அங்கே ஒரு வாசகர் வட்டம் கூடும். நடத்துகிறவள் தன்னை நோர்வேக்காரி என்று சொல்லிக்கொண்ட இங்கிரிட். நரி உருவத்தில் வருகிற ஒருவர் இருந்தார். சிலி நாட்டுக்காரர் என்று கேள்வி. இன்னும் நாலைந்து பேர். உப்பு வியாபாரி ஒருவரின் குடும்பக் கதையை, தலையணை கனமுள்ள ஒரு நாவலை, ஆறு மாதமாக வாசித்துக்கொண்டிருந்தோம். கப்டன் வாயைத் திறந்தால் எல்லோரும் கேட்டார்கள். கடைசி அத்தியாயத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பை அவருக்கே கொடுத்திருந்தார்கள். நான் இரண்டு வாரமாக பஸ்ஸில் அதை மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அப்போதுதான் அமெரிக்காவில் இருக்கும் லூமாரா கொம்பனி ஓர் அறிவித்தல் விட்டது. பெரியவர்களுக்கான விஷயம் பேசப்படும் இடங்களில் வயதை உறுதிப்படுத்தியவர்கள் மட்டுமே நுழையலாம். எங்கள் நாவலின் பதினோராம் அத்தியாயத்தில் உப்பு வியாபாரியின் மருமகள் ஒரு மாலுமியோடு ஒரு பிற்பகலைக் கழிக்கிறாள். இங்கிரிட் சட்டத்துக்குப் பயந்த பெண். தீவைச் சுற்றி வேலி போட்டுவிட்டாள். அடுத்த முறை நான் போனபோது கப்டன் ஒரு சிவப்புக் கோட்டில் மூக்கை இடித்துக்கொண்டு கடற்கரையிலேயே நின்றார்.

வயதை உறுதிப்படுத்தக் கடவுச்சீட்டு இலக்கம் போதும். என்னிடம் கடவுச்சீட்டு இல்லை. இல்லாதவர்கள் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஸ்கான் பண்ணி, ஆங்கில மொழிபெயர்ப்போடு, அட்டைக்காரரும் கணக்குக்காரரும் ஒருவரே என்று ஒரு சட்டபூர்வமான ஆள் உறுதிசெய்து கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும்.

சட்டபூர்வமான ஆள் எங்கள் வீட்டுக் கீழ்மாடியில் இருந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஒஸ்வால்ட் மாமா ஒரு சமாதான நீதவான். ஜே.பி. என்றால் கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரியும். காலை எட்டு மணியிலிருந்து வாசலில் போட்டோக்கொப்பிகளோடு ஆட்கள் நிற்பார்கள். மாமா எல்லோரிடமும் ஒரே இரண்டு கேள்விதான் கேட்பார்: “அசல் எங்க? ஆள் எங்க?” இரண்டையும் கண்ணால் பார்க்காமல் பிஷப் வந்து கேட்டாலும் முத்திரை குத்தமாட்டார்.

நான் விஷயத்தை விளக்கி முடித்தபோது மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி. அட்டை உன்ர. அசல் இருக்கு. நீயும் இருக்கிறாய். கணக்கு ஆற்ற பேரில?”

“கப்டன் மொரா.”

“அவர் ஆர்?”

“நான்தான் மாமா.”

“நீ பிறிஜெற். உன்னை எனக்கு ஞானஸ்நானத்தில இருந்து தெரியும். கப்டனைத்தான் தெரியாது. இரண்டு பேரும் ஒராள் எண்டு கையெழுத்து வைக்கிறதெண்டால் நான் அவரையும் பாக்கவேணும்.”

“அவர் கம்பியூட்டருக்குள்ள இருக்கிறார், மாமா.”

“இருக்கட்டுமே. ஆசுப்பத்திரியில இருக்கிறவையையும் நான் போய்ப் பாத்திருக்கிறன்.”

பகிடி விடுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். முத்திரைப் பெட்டியோடு இருக்கும்போது மாமாவின் முகத்தில் பகிடி எதுவும் தங்காது.

குசினியிலிருந்து மாக்ரெட் மாமி கரண்டியோடு வந்தார். “உந்த ஐடென்டிக் கார்ட்டின்ர கொப்பி பொலிஸில ஒண்டு, கிராம சேவகரிட்ட ஒண்டு, கிளாசில ஒண்டு, அந்த நெற் கஃபேக்காரப் பெடியனிட்ட ஒண்டு. அமெரிக்காக்காரன் ஒருத்தன்தான் இவ்வளவு நாளும் இவளைக் கேக்காமல் இருந்தவன். அவனுக்கும் குடுங்கோ!”

“அதுதான் மாமி எனக்கும் யோசனை.”

“யோசினையெண்டால் குடுக்காதையன். அந்தக் கிழவனை விட்டுத்துலை. உனக்கென்ன, கலியாணம் முடிச்சுத் தந்த மாப்பிள்ளையா?”

விட்டுத்தொலைக்க முடியாது என்பதை மாமிக்கு எப்படிச் சொல்வது? வாரத்தில் ஒரு மணித்தியாலம் நான் எங்கே பிறந்தேன் என்று கேட்காத ஓர் இடத்தில், நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருக்க வேண்டும். கப்டனாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை பின்னேரம் மாமா கழுத்தில் ரை கட்டிக்கொண்டு என்னோடு வெள்ளவத்தைக்குப் புறப்பட்டார். முத்திரைப் பெட்டி ஒரு பையில். இன்னொரு பையில் அவருடைய அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கடவுச்சீட்டு. லூர்து மாதாவிடம் ஒருமுறை போய்வந்த கடவுச்சீட்டு அது. அதற்குப் பிறகு செக்பொயின்ற்றுகளைத் தவிர வேறெங்கும் போனதில்லை.

கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். இளம் ஆமிக்காரன் ஒருவன் என் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். திருப்பியதும் முகம் மாறியது. “கிளிநொச்சி?” என்றான்.

“மகே நங்கிகே துவ, மஹத்தயா,” என்றார் மாமா. என் தங்கையின் மகள். அதோடு நிறுத்தாமல் அப்பாவின் பெயர், அப்பாவின் தொழில், இடமாற்றமான வருடம், என் வகுப்பு, வகுப்பு விடும் நேரம், மாமியின் பெயர் எல்லாவற்றையும் கேட்காமலே சிங்களத்தில் ஒப்புவித்தார். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் குறைவாகக் கேட்பார்கள் என்பது மாமாவின் கொள்கை. ஆமிக்காரனுக்கே சலித்துப்போய் அட்டையைத் திருப்பித் தந்தான்.

நெற் கஃபே, காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்தது. நடத்துகிறவர் ஸாலிஹ் நானா. சொந்தக்காரர் என்றாலும் முப்பது வயதுதான் இருக்கும். மாமாவின் ரையைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“தங்கச்சி, என்ன, இன்லண்ட் ரெவனியூவா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்லை நானா, மாமா. பக்கத்து மெஷினும் வேணும்.”

“ஈக்கி, ஈக்கி, ப்ரீயாத்தான் ஈக்கி. அங்கிள், கோவிக்காதீங்க, புது ஆள் வந்தா ஐடென்டி பாக்கணும். பொலிஸ்ல சொல்லீக்கி.”

மாமா மகிழ்ச்சியோடு மூன்று ஆவணங்களையும் மேசையில் பரப்பினார்.

நான் கப்டனைக் கொண்டுவந்து கடற்கரையில் நிறுத்தினேன். பக்கத்து மெஷினில் மாமா தனக்கொரு கணக்குத் திறந்தார். லூமாராவில் சேர்கிற எல்லோரும் அந்தக் கேள்விகளை ஏதோ ஒரு பொய்யால் தாண்டிப் போவார்கள். மாமா ஒற்றை விரலால் முழுப்பெயர், பிறந்த திகதி, வீட்டு இலக்கம், ஒழுங்கை என்று எல்லாம் அடித்தார். கடவுச்சீட்டு இலக்கம் விருப்பமானால் தரலாம் என்று இருந்தது. மாமாவுக்கு விருப்பம். தந்தார்.

ஒரு நிமிடத்துக்குள் மணி ஒன்று அடித்தது. உறுதிப்படுத்தப்பட்டவர்!

“இவ்வளவுதானே,” என்றார் மாமா. “இதுக்கா நீ ஒரு கிழமையா முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சனி?”

உடம்பைத் தேர்ந்தெடுக்க அவருக்குத் தெரியவில்லை. கொம்பனி இலவசமாகக் கொடுக்கும் உடம்பிலேயே வந்து இறங்கினார். இருபத்திரண்டு வயது வாலிபன். மார்பு அகலம், கிழிந்த ஜீன்ஸ், சட்டைக்குக் கை கிடையாது. அவன் தலைக்கு மேலே பச்சை எழுத்தில் ஒன்று மிதந்தது: ‘ஒஸ்வால்ட். வயது 66. உறுதி.’

“என்ர ரை எங்க?” என்றார் மாமா.

நான் அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “மாமா, உங்கட வயது ஏன் மேல தெரியுது?”

“கீழ சின்ன எழுத்தில போட்டிருந்தவன். உறுதிப்படுத்தின ஆக்களுக்கு உண்மையான வயது தலைக்கு மேல வருமாம். நீ வாசிக்கேல்லையா?” தலையணை கனத்து நாவல்களை இரண்டு நாளில் வாசிக்கிற நான் அந்த நாலு வரியை வாசிக்கவில்லை. “உனக்கும் வரும். கப்டன் மொரா, வயது இருபது.”

தாடிக்கு மேலே இருபது. அட்டையை அனுப்பினால் வட்டத்துக்குள் போகலாம். கப்டன் வாசலிலேயே செத்துப்போவார். அனுப்பாவிட்டால் கப்டன் உயிரோடு கடற்கரையில் நிற்பார், கடைசி அத்தியாயம் உள்ளே நடக்கும்.

“சரி, இவரோ ஆள்?” மாமாவின் வாலிபன் கப்டனுக்கு முன்னால் வந்து நின்று, மேலும் கீழும் பார்த்தான். மாமா எனக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் கேள்வியைத் திரையில்தான் அடித்தார். தகப்பன் பெயர்? எந்தக் கோவில் பங்கு? எந்தக் கப்பல்?

நானும் பதில் அடித்தேன். தகப்பன் ஒரு கலங்கரை விளக்கக் காவலர். பங்குக் கோவில் புயலில் போய்விட்டது. கப்பலின் பெயரை ஒரு பெண்ணுக்காக மறக்க வேண்டியதாயிற்று.

மாமா திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். “எடியே, இவ்வளவும் நீயா யோசிச்சனி?”

“ஓம் மாமா.”

“பொய்யெண்டாலும் ஒரு ஒழுங்கு இருக்கு.”

“மாமா, கையெழுத்து வைக்க வேண்டாம். நான் அட்டை அனுப்பேல்லை.”

“அப்ப கடைசி அத்தியாயம்?”

அதற்குப் பதில் சொன்னால் ஸாலிஹ் நானாவின் கடையில் அழ வேண்டியிருந்திருக்கும். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துவிட்டு மாமாவின் திரையைப் பார்த்தபோது, கையில்லாச் சட்டைக்காரன் சிவப்புக் கோட்டை ஒரு தடங்கலுமில்லாமல் கடந்து, நூலகப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தான்.

“மாமா! எங்க போறீங்கள்?”

“வந்ததுக்கு ஒருக்கா உள்ள பாத்திட்டுப் போவம்.”

உள்ளே வட்டம் கூடியிருந்தது. புதிதாக வந்த வாலிபனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா அடித்தார்: ‘வணக்கம். நான் ஒஸ்வால்ட், சமாதான நீதவான், கொழும்பு பதின்மூன்று. கப்டன் மொரா வெளியே நிற்கிறார்.’

‘ஏன் வெளியே நிற்கிறார்?’ என்று இங்கிரிட் கேட்டாள். ‘எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறோம்!’

“இது ஆர்?” என்றார் மாமா என்னிடம்.

“இங்கிரிட். நோர்வே.”

“நோர்வேயா? அவையள் இஞ்சயும் வந்திட்டினமா?” சமாதானம் பேச வந்த நோர்வேக்காரர்கள் மேல் மாமாவுக்கு அந்த வருடம் நல்ல அபிப்பிராயம் இல்லை. “அந்த நாய்?”

“நரி, மாமா. அவர் சிலி.”

‘அவரிடம் வயதைக் காட்டும் ஆவணம் இல்லை,’ என்று மாமா அடித்தார்.

இங்கிரிட் வேகமாக எழுதினாள். ‘அப்படியானால் எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். கப்டன் ஒரு குழந்தையா? நாங்கள் ஆறு மாதமாக ஒரு குழந்தையோடா இந்தப் புத்தகத்தைப் பேசிக்கொண்டிருந்தோம்?’

அவள் அப்படிக் கேட்பாள் என்று நான் ஒருநாளும் நினைத்திருக்கவில்லை. கோபமும் வரவில்லை. நியாயமான கேள்விதான்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடித்தார்: ‘குழந்தை அல்ல. பதினெட்டு வயதைத் தாண்டியவர். அசலைப் பார்த்தேன். ஆளையும் பார்த்தேன்.’

‘அப்படியானால் அவர் யார்?’ என்றது நரி. ‘உண்மையிலேயே கப்டனா? ஆணா? எந்த நாடு? எங்கே பிறந்தவர்?’

நான் மாமாவைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கேட்பதற்கு முன்பே சொல்லுகிற மனிதர். கொள்ளுப்பிட்டியில் ஒரு கேள்விக்கு ஏழு பதில் கொடுத்தவர். இங்கே ஐந்து கேள்வி ஒன்றாக வந்து நிற்கிறது. மாமாவின் ஒற்றை விரல் விசைப்பலகைக்கு மேலே உயர்ந்து அப்படியே நின்றது.

“மாமா, வேண்டாம்,” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. விரல் இறங்கியது. ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் வந்தது.

‘கேட்கப்பட்டது வயது. வயது உறுதி செய்யப்பட்டது. மற்ற விபரங்கள் இந்தத் தேவைக்கு அவசியமில்லை.’

அடித்து முடித்ததும் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். “இருபது வருசமா இதை ஆருக்காவது ஒருக்காச் சொல்லவேணும் எண்டு இருந்தனான்,” என்றார். “உந்த நரிக்குத்தான் குடுத்துவைச்சிருக்கு.”

நரி வாலை இப்படியும் அப்படியும் போட்டது. கடைசியில் அதுதான் எழுதியது: ‘மன்னிக்க வேண்டும். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.’

‘கப்டன் குழந்தை இல்லை என்று எனக்குத் தெரிந்தால் போதும்,’ என்றாள் இங்கிரிட். ‘ஆனால் வேலியை எடுக்கமாட்டேன். பதினோராம் அத்தியாயம் இங்கேதான் இருக்கிறது.’

‘கடைசி அத்தியாயத்தில் எல்லோருக்கும் வயதாகிவிட்டது,’ என்றது நரி. ‘எல்லோரும் உடுப்போடுதான் இருக்கிறார்கள். அதை எங்கே வேண்டுமானாலும் பேசலாம்.’

நரிதான் முதலில் படிகளில் இறங்கியது. சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்து, கப்டனின் காலடியில் சுருண்டு படுத்தது. பிறகு இங்கிரிட். பிறகு மற்றவர்கள். மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கப்டன், முழங்கால் காரணமாக, நின்றுகொண்டார்.

நூலகத்தில் அந்த வாலிபன் மட்டும் தனியாக நின்றான், தலைக்கு மேல் பச்சை எழுத்தோடு.

“என்ன, எல்லாரும் வெளிக்கிட்டிட்டினம்?” என்றார் மாமா. “நான் எப்பிடி வாறது?”

“அந்த அம்புக்குறியை அமத்துங்கோ.”

அமத்தினார். வாலிபன் புத்தக அலுமாரிக்குள் பாதி புதைந்து நின்றான். இன்னொரு முறை அமத்தியதும் முழுதாக உள்ளே போய்விட்டான். ஸாலிஹ் நானா வந்து எட்டிப் பார்த்து, “அங்கிள், அப்படியே ஈங்க, அசையாதீங்க, ஆடினா மெஷின் ஹேங் ஆகும்,” என்றார். மாமா அலுமாரிக்குள்ளேயே இருந்துவிடச் சம்மதித்தார். ஆனால் தன் நாற்காலியை இழுத்து என் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

நான் தொடங்கினேன். முதல் வரி பிழைத்தது. அழித்தேன். பஸ்ஸில் அத்தனை நாள் பேசிப் பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆகவே வந்ததை எழுதினேன். உப்பு வியாபாரி கடைசியில் ஏன் ஊரை விட்டுப் போகவில்லை என்று எழுதினேன். தன்னை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருப்பது ஒரு பாரம், ஒருவருக்கும் தெரியாத இடத்தில் இருப்பது வேறொரு பாரம், அவன் கூடைகளை மாற்றி மாற்றித் தூக்கிப் பழகியவன் என்று எழுதினேன். நரி காதைத் தூக்கியது. இங்கிரிட், ‘இன்னும் சொல்லுங்கள், கப்டன்’ என்றாள்.

மாமா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, வரிவரியாக உதடசைத்து வாசித்துக்கொண்டு வந்தார். கணக்கியல் வகுப்பில் நான் என்ன படிக்கிறேன் என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. நாவல்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பேப்பரை விரித்துவிடுவார்.

“சரியான கதை,” என்றார். “இது சரியான கதை.”

நான் எழுதுவதை நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“என்ர முகத்தை ஏன் பாக்கிறாய்?” என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மனுசனைக் கதைக்க விடு.”